மந்திர ஸ்தாயியின் மாஸ்டர்: மொவாசிர் சாந்தோஸ்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பிரேசில் இசை என்றதும் போசா நோவா என்ற மெல்லிசைப் பாணியும் கிதாரோடு மெல்லப் பாடும் குரலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் யாரிடம் பாடம் கேட்டார்கள் என்று தேடினால், கிதார் கலைஞர் பேடன் பவெலுக்கும் பாடகி நாரா லேயாவுக்கும் ஆசிரியராக இருந்த மொவாசிர் சாந்தோஸிடம் போய்ச் சேருவோம்.

1926இல் பெர்னம்புகோ மாநிலத்தின் வறண்ட உட்பகுதியில் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்த அவர், ஊர் பேண்டுக் குழுவில் கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் வாசிக்கக் கற்றார். 1948இல் ரியோ டி ஜெனிரோவுக்கு வந்து ரேடியோ நாசியோனாலில் சாக்ஸபோன் கலைஞராகச் சேர்ந்தவர், ஜெர்மனியிலிருந்து குடியேறிய இசையாசிரியர் கோல்ராய்ட்டரிடம் முறையாகப் பயின்று, அதே வானொலியில் இசைக்கோப்பாளராகவும் இசைக்குழு நடத்துநராகவும் உயர்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவருக்கு அந்த நாளில் அது எளிதில் வாய்க்கிற இடமன்று.

1965இல் வெளிவந்த 'கொய்சாஸ்' இசைத்தட்டுதான் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு என்பது என் துணிபு. அதிலுள்ள பத்து உருப்படிகளுக்கும் வரிசை எண்தான் அடையாளம். மேல் ஸ்தாயிக் கருவிகள் மெட்டைப் பாட, மற்றவை அடியில் சுருதி தாங்கி நிற்பது வழக்கமான ஏற்பாடு. அவரோ பாரிட்டோன் சாக்ஸபோனையும் டிராம்போன்களையும் மந்திர ஸ்தாயியிலேயே, அதாவது கீழ் ஸ்தாயியிலேயே, பேசவிட்டார். 'நனா' என்று பெயர்பெற்ற ஐந்தாம் உருப்படியைக் கேளுங்கள்: ஆப்பிரிக்க வழித் தாளத்தின் மீது, கனத்த அடியெடுத்து வரும் ஊர்வலம்போல அந்த மெட்டு நகர்கிறது. ஜாஸின் ஒத்திசைவு அதில் உண்டு, ஆனால் அமெரிக்க ஜாஸின் நகலாக அது ஒலிப்பதில்லை.

1967இல் அமெரிக்கா சென்று கலிபோர்னியாவின் பசடேனாவில் குடியேறிய அவர், அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தபடியே புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக மூன்று இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அவற்றில் அவர் பாடவும் செய்தார். தாயகமோ அவரை ஏறக்குறைய மறந்துவிட்டது.

இதற்கிடையே 'கொய்சாஸ்' உருப்படிகளின் மூல இசைக்குறிப்புகள் தொலைந்துபோயின. குரலும் விரலும் பதிவில் எஞ்சலாம். இசைக்கோப்பாளரின் உழைப்போ காகிதத்தில்தான் இருக்கிறது. பிரேசில் இசைக்கலைஞர்களான மாரியோ அட்நெட்டும் சே நொகேய்ராவும் பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கருவியின் பகுதியையும் காதாலேயே பிரித்தெடுத்து எழுதி, புதிதாக வாசிக்கச் செய்து, 2001இல் 'ஓரோ நெக்ரோ' என்ற இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். மில்டன் நசிமெந்தோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் அதில் பாடினார்கள். சாந்தோஸ் 2006இல் பசடேனாவில் காலமானார். அதற்குள் அந்தக் குறிப்புகள் நூல்களாக அச்சேறிவிட்டதால், அவருடைய இசைக்கோப்பை இன்று எந்தக் குழுவும் எடுத்து வாசிக்கலாம்.