பிடித்ததைத்தான் எடுக்க வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேமராவோடும் கேமரா இல்லாமலும் வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

புகைப்படம் எடுப்பவர் தன் மனதுக்குப் பிடித்ததை எடுக்க வேண்டுமா, பார்ப்பவர்களுக்குப் பிடித்ததை எடுக்க வேண்டுமா என்பதுதான் இன்றைய தலைப்பு. மனதுக்குப் பிடித்ததைத்தான் என்று பேச வந்திருக்கிறேன். இந்த அணியில் பேசச் சொன்னார்கள் என்பதற்காகப் பேசவில்லை, முழுக்க நம்பித்தான் பேசுகிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன், "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, உன் படம் உனக்கு அழகாகத்தான் தெரியும், நாலு பேர் பார்த்துச் சொன்னால்தான் அது படம்" என்றார். அடுத்து வந்த சகோதரி, லட்சக்கணக்கில் காசு போட்டு கேமரா வாங்கி யாருமே திரும்பிப் பார்க்காத எதையோ எடுத்துக்கொண்டிருப்பது தண்டச் செலவு என்றார். நாட்டில் இத்தனை பிரச்சினை இருக்கும்போது பூவையும் பூச்சியையும் எடுப்பது சுயநலம் என்றும் சொன்னார். அவர் சொன்னபோது அரங்கில் பலத்த கைதட்டல் எழுந்தது. அதனால் அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

முதலில் ஒன்றைப் பேசி ஒதுக்கிவிடுவோம். கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியவர் மணமக்கள் வீட்டார் கேட்பதை எடுத்துத்தான் ஆக வேண்டும். பத்திரிகையில் வேலை செய்பவர் ஆசிரியர் அனுப்பிய இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அது தொழில், அதில் நேர்மை முக்கியம், அதை நாங்கள் யாரும் மறுக்கவில்லை. நாங்கள் பேசுவது அதற்கு வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் கூப்பிடாமல், யாரும் காசு கொடுக்காமல், நீங்களாகவே கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறீர்களே, அந்த நேரத்தில்கூட ஏன் ஊருக்காக எடுக்க வேண்டும்?

எங்கள் வீட்டுத் திண்ணைக் கம்பியில் தாவும் சிலந்திகள் உண்டு. சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. வலை பின்னி இரைக்காகக் காத்திருக்கிற வகை இல்லை இது, இரையைப் பார்த்து, தூரத்தை அளந்து, தாவுவதற்கு முன் ஒரு நூலைக் கம்பியில் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் தாவும். தவறி விழுந்தால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்துவிடும். எட்டுக் கண். முன்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டும் பெரியவை. சின்னது பெரிதாகத் தெரிவதற்காக 50 எம்.எம். லென்ஸை ரிவர்ஸ் ரிங் என்ற வளையம் போட்டுத் தலைகீழாக மாட்டி, சிலந்தியின் முன்னால் போய் நின்றால், ஓடாது, திரும்பி நம்மையே பார்க்கும். அந்தக் கண்ணுக்குள் விழித்திரை இருக்கும் குழாய் அசையும்போது, கருகருவென்றிருந்த கண் சட்டென்று வெளிறித் தெரிவதைச் சில வகைகளில் வெளியிலிருந்தே பார்க்கலாம். அவ்வளவு கிட்டத்தில் போனால் ஃபோகஸில் நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நாம் மூச்சு விட்டாலே கண் போய் முதுகு வந்துவிடும். காற்று அடிக்கும், வெயில் போய்விடும், சிலந்தியும் போய்விடும். மறுநாள் திரும்ப வர வேண்டும். அதற்கடுத்த நாளும்.

இப்படித் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒருவருக்குத் தெம்பு எங்கிருந்து கிடைக்கும்? லைக்கிலிருந்து கிடைக்குமா? சிலந்திப் படம் போட்டால் பாதிப் பேர் "ஐயோ" என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணம்தான் நம்மைத் திரும்ப அழைத்து வரும். திரும்பத் திரும்ப வந்து நிற்பவருக்குத்தான் படம் கிடைக்கும். ஆசையை நான் சொகுசு என்று நினைக்கவில்லை. புகைப்படம் கேட்கிற பொறுமைக்கு அதைத் தவிர வேறு ஊற்று இல்லை என்பதுதான் என் வாதமே.

இதற்கு நான் காட்டுகிற சாட்சி ஒரு விவசாயி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்றொரு சிறிய ஊர். 1865இல் அங்கே பிறந்தவர் வில்சன் பென்ட்லி. மாடு வைத்துப் பால் கறந்து பிழைத்த குடும்பம். பையனுக்கு அம்மா ஒரு நுண்ணோக்கி கொடுத்தார். அவன் அதில் வைத்துப் பார்த்தது பனித்துகளை. வரையப் பார்த்தான், வரைந்து முடிப்பதற்குள் உருகியது. நுண்ணோக்கியோடு சேர்த்து ஒரு கேமரா இருந்தால் பிடித்துவிடலாம் என்று வீட்டில் கேட்டான். அந்தக் காலத்து 100 டாலர். அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை, அம்மா சொல்லிச் சொல்லித்தான் வாங்க வைத்தார். அந்தக் காசு வீண் என்றே அப்பா கடைசிவரை நினைத்தார், அப்பாவும் அண்ணனும் இவன் பனியோடு மல்லுக்கட்டிப் பொழுதை வீணடிக்கிறான் என்றே எண்ணினார்கள். பென்ட்லியே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். சகோதரி சொன்ன தண்டச் செலவு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

பென்ட்லி வேலை செய்தது வீட்டை ஒட்டிய கொட்டகையில், நெருப்பு மூட்டாமல். கொஞ்சம் சூடு ஏறினாலும் பனித்துகள் போய்விடும். கறுப்புப் பலகையை வெளியே நீட்டி விழுவதைப் பிடிப்பார், அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, துடைப்பத்திலிருந்து எடுத்த ஒரு ஈர்க்கால் மெல்ல எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார், இறகு ஒன்றால் நீவி அதைப் படிய வைப்பார், இத்தனையும் மூச்சுக்காற்று படாமல். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி முதல் படம் சரியாக வந்தது. அப்போது அவருக்கு 20 வயது நிறையவில்லை. அதற்குப் பிறகு 46 குளிர்காலம் இதே வேலை. 5,000 படங்களுக்கு மேல்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? பைத்தியம் என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பது எந்த நாட்டுக்கும் பொருந்தும்போல. நான் என்ன செய்கிறேன் என்று புரிந்தால் ஒருவேளை ஊர் மாறுமோ என்று அவரும் ஒருமுறை முயன்றிருக்கிறார். படங்களை விளக்கு வைத்துத் திரையில் காட்டிப் பேசுகிறேன், காசு வேண்டாம், வாருங்கள் என்று அறிவித்தார். வந்தவர்கள் ஆறு பேர். அன்று வானிலைகூட நன்றாகத்தான் இருந்தது என்று அவர் சொல்லியிருப்பதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. மழை வந்தது, பனி கொட்டியது, அதனால் வரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை.

மறுபடியும் குளிர்காலம் வந்தது, அவர் கொட்டகைக்குத்தான் போனார்.

1931இல் அவருடைய படங்களில் 2,000க்கும் மேற்பட்டவை புத்தகமாக வந்தன. பனித்துகள் என்றதும் இன்று நம் மனதில் வரும் அந்த ஆறு முனை வடிவத்தை உலகம் படமாகப் பார்க்கப் பழகியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நடுவர் அவர்களே, கடைசியில் ஜெயித்தார் பாருங்கள் என்பதற்காக நான் இவரைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் எதிரணியின் தராசிலேயே நிறுத்துப் பார்த்தவனாகிவிடுவேன். புத்தகம் வராமலே போயிருந்தாலும், அந்தக் கொட்டகையில் ஒரு மனிதர் ஒரு துகளை உருகுவதற்குள் பார்த்துவிட்டார் என்பது நடந்ததுதான். அதை எந்த ஊரும் அவரிடமிருந்து பறித்திருக்க முடியாது.

வெளிநாட்டுக்காரரை மட்டும் சொல்கிறாய் என்பீர்கள். நம்மூரிலேயே மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். வெவ்வேறு கேமராவின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்துக்கொண்டு, யானை முதுகிலும் கால்நடையாகவும் காட்டுக்குள் போனவர். உலகமே கலருக்கு மாறிய பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 தொடங்கி 1996இல் இறக்கும் வரை தொடர்ந்து ஒரு பத்தி எழுதிவந்தார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டோடு வீட்டைச் சுற்றித் திரியும் பறவையைப் பற்றியும் எழுதினார். இங்கும் 46 வருஷம். இத்தனை வருஷம் அடுத்தவர் ரசனைக்காக ஒருவர் ஒரே வேலையைச் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் யார் பேச்சையும் கேட்கக் கூடாதா என்று அண்ணன் மடக்குவார். கேட்க வேண்டும். எப்படி எடுத்தாய் என்பதில் யார் சொன்னாலும் கேட்க வேண்டும். ஃப்ளாஷ் வெளிச்சம் சிலந்தியின் கண்ணில் வெள்ளைப் பொட்டாக விழுகிறது, முன்னால் பட்டர் பேப்பர் கட்டிப் பார் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார், கட்டினேன், அன்றிலிருந்து கண் கண்ணாகத் தெரிகிறது. அவருக்கு நான் கடன்பட்டவன். ஆனால் சிலந்தி எதற்கு, குழந்தை சிரிப்பதை எடு, நாலு பேர் பார்ப்பார்கள் என்று சொல்பவரிடம் நான் என்ன கற்றுக்கொள்ள முடியும்? அவர் என் படத்தைத் திருத்தவில்லை, என் கண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றீர்களே அண்ணே, அப்படி நினைப்பதால்தான் அந்தக் குஞ்சு பசியில்லாமல் வளர்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்ப்பவர்களின் அபிப்பிராயம் என்பது ஒரு நிலையில் நிற்கிற சரக்கு இல்லை. 1976இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வில்லியம் எக்கிள்ஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் கலர் படங்களை வைத்தார்கள். தெருவோரத்தில் நிற்கும் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள், இப்படிச் சாதாரணமான விஷயங்கள். அப்போது கலர் என்றால் விளம்பரத்துக்கு, கலை என்றால் கறுப்பு வெள்ளை. சலிப்பூட்டும் குப்பை என்கிற அளவுக்கு விமர்சகர்கள் எழுதினார்கள். இன்று கலர் புகைப்படத்தின் வரலாறு பேசுபவர்கள் அந்தக் கண்காட்சியைத் தாண்டிப் போக முடியாது. சைக்கிள் மாறவில்லை, படமும் மாறவில்லை.

ஊர் ரசனைக்காக எடுப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் நடக்கும் குலசை தசராவுக்குப் போய்ப் பாருங்கள். வேஷம் கட்டிய ஒரு பக்தர் கடற்கரையில் கண் மூடி நிற்பார், சுற்றிலும் அத்தனை லென்ஸ், எல்லாரும் எடுப்பது ஒரே படம். காளி வேஷத்தில் உண்மையாகவே மனசு கரைகிறவர் அங்கே தாராளமாகப் போகட்டும், அவர் எங்கள் அணிக்காரர். போட்டியில் இதற்குத்தான் பரிசு கிடைக்கிறது என்று போகிறவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இதைவிடக் கொடுமை பறவைக் கூடு. தாய்ப் பறவை குஞ்சுக்கு ஊட்டும் காட்சிக்குக் கைதட்டல் அதிகம் என்பதற்காக, கூட்டை மறைத்திருக்கும் இலையையும் கிளையையும் வெட்டி எடுத்தவர்கள் உண்டு. மறைவு போனால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கையின் கண்ணிலும் படும். பல போட்டிகளில் இப்போது கூட்டுப் படத்தை ஏற்பதே இல்லை. பூச்சி அசையாமல் நிற்கட்டும் என்று அதை ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உயிரின் மேல் ஆசை வைத்தவருக்குக் கை வருமா இதைச் செய்ய? கைதட்டலின் மேல் ஆசை வைத்தவருக்குத்தான் வரும்.

சரி, சுயநலம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். துன்பப்படும் மக்களைப் படமெடுப்பவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்களில் சிறந்தவர்களும் யாரோ நிர்ப்பந்தித்து அங்கே போனவர்கள் இல்லை, அந்த மக்களை விட்டுப் பார்வையை எடுக்க முடியாமல் நின்றவர்கள். மனம் ஒட்டாமல், இதுதான் பொறுப்பான படம் என்று ஊர் சொல்வதால் போய் ஒரு பாட்டியின் சுருக்கம் விழுந்த முகத்தைக் கிட்டத்தில் எடுத்துக்கொண்டு, அவர் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்பி வருகிறோமே, அதில் யாருக்குச் சேவை? அந்தப் பாட்டி வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது, அது அவருடைய உரிமை. மற்றவர் அபிப்பிராயத்தைப் பொருட்படுத்தாதே என்று நாங்கள் சொல்வதில் அவருடைய சம்மதம் அடங்காது.

மலையையும் பாறையையும் எடுத்தவர் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ். சியரா நெவாடா மலைகளின் மேல் அவருக்கு இருந்த ஆசைதான் அந்தப் படங்கள். அவற்றை எடுத்துக்கொண்டே வாஷிங்டனுக்குப் போய், அந்த இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று வாதாடினார். 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதில் அவர் படங்களுக்கும் பங்கு உண்டு. அதே மனிதர்தான் 1943இல், போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்திருந்த மன்சனார் முகாமுக்குப் போய் அவர்களைக் கண்ணியமாகப் படமெடுத்தார். பாறையை ரசித்த கண் மனிதரைப் பார்க்காமல் போய்விடவில்லை சகோதரி.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்கிறேன். இலவசமாகக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டும் ஆறு பேர் மட்டும் வந்த அந்த இரவில், ஊருக்குப் பிடித்ததைத்தான் எடுக்க வேண்டும் என்கிற உங்கள் கணக்குப்படி பென்ட்லி கேமராவை மூட்டை கட்டியிருக்க வேண்டும். அவர் உங்கள் முன்னால் நின்று, நான் நாளைக்குக் கொட்டகைக்குப் போகட்டுமா வேண்டாமா என்று கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? நடுவர் முன்னால் அதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். வணக்கம்.