கைப்பிள்ளைக்காரிக்குக் கடல்பாசி வேலை ஏன் கைநழுவுது?

அடுத்த கேள்வி, தொண்டிப் பக்கம் இருக்கிற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. ‘கைப்பிள்ளை இருக்கிற அம்மா கூலி வேலைக்குப் போக முடியாம போறது பிள்ளையாலயா, வேலையாலயா?’

பெரும்பாலும் வேலை நடக்கிற நேரமும் இடமும்தாங்க காரணம். கடல்பாசி எடுக்கிறதையே பாருங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வத்துற நாள்லதான் எடுக்கத் தோது. விடியுமுன்ன வள்ளம் ஏறணும். மரிக்கொழுந்துப் பாசின்னு ஒரு வகை, கடலுக்கடியில பாறையில ஒட்டியிருக்கும். விரல்ல துணி சுத்தி, மூச்சடக்கி முங்கித்தான் பறிக்கணும். பால்குடிப் பிள்ளைய எங்க வைக்கிறது? பிள்ளை பசிச்சு அழுவுதுன்னு ஒருத்திக்காக வள்ளமும் முன்கூட்டித் திரும்பாது. முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான்னா, அவ கரையில நின்னுதானே ஆகணும்?

அதனால பாசி வளர்ப்புல கயிறு கட்டுற வேலைக்கு வர்றாங்க. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவைக்கு 20 கயிறு, ஒரு கயித்துல 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி, அதாவது வளர்க்கிறதுக்காகக் கட்டுற பாசித்துண்டு. ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ. பிள்ளை அழுதா பாதியில எந்திரிக்கலாம், அது நல்லது. ஆனா கட்டின கயித்துக்குத்தான் கூலின்னா, எந்திரிச்ச நேரத்துக்குக் காசு கிடையாது. விதைப்பாசி வெயில்ல வாடினா 45 நாள் கழிச்சு அறுக்கையில எடை குறையும். அதுக்குப் பயந்து வேகமா கட்டுறவங்களத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. கைப்பிள்ளைக்காரி அங்கேயும் பின்னால போயிடுறா.

கடைசியில வீட்டுக்காரர் வலையில மீன் எடுக்கிறது, கருவாடு காயப்போடுறதுன்னு நிக்கிறாங்க. அரசாங்கத்தோட தொழிலாளர் கணக்கெடுப்புல, குடும்பத் தொழில்ல சம்பளமில்லாம உதவுறவங்களையும் வேலை செய்றவங்களாத்தான் எண்ணுவாங்க. அப்போ எண்ணிக்கை குறையாது, அவ கைக்கு வர்ற காசு மட்டும் நின்னுடும். உங்க ஊர்ல கணக்கு எடுத்தா, ‘வேலை செய்றீங்களா?’ன்னு மட்டும் கேட்காதீங்க. ‘போன வாரம் உங்க கையில காசு வந்துச்சா?’ன்னும் கேளுங்க.

மகப்பேறு சட்டத்தை 2017-ல திருத்தினப்போ 26 வார விடுப்பு வந்துச்சு, 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல குழந்தைக் காப்பகமும் வைக்கணும்னு வந்துச்சு. வள்ளத்துல போறவளுக்கு முதலாளியே இல்லையே, யார்கிட்ட கேட்பா? அங்கன்வாடியில 2 வயசுல இருந்துதான் சேர்ப்பாங்க, அதுவும் வள்ளம் போனதுக்கப்புறம்தான் திறக்கும்.

கைப்பிள்ளைக்காரங்க அஞ்சு பேர் ஒரே வள்ளத்துல போறதா இருந்தா, முறை வெச்சு ஒருத்தர் கரையில எல்லாப் பிள்ளையையும் பார்த்துக்கலாம். ஆறு மாசம் தாண்டின பிள்ளைக்குத்தான் இது ஒத்துவரும். கரையில நிக்கிறவங்களுக்கும் அன்னைக்கு எடுத்த பாசியில சமபங்கு எடை போட்டுக் கொடுக்கணும். இத முதல் நாளே பேசிடுங்க. பங்கு இல்லாம ‘சும்மா பார்த்துக்க’ன்னா, ரெண்டாவது அமாவாசைக்கு யாரும் கரையில நிக்க மாட்டாங்க.