தோற்கத் துணிந்த மருத்துவம்

மருந்தாளுநர் ஒருவர் பினாங்கு ஜோர்ஜ்டவுனில் சமூக நலத் தொண்டர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

அவைத்தலைவர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். தமிழர் கூடும் மேடையில் சீன மருத்துவத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். பினாங்குவாசி கேட்கக்கூடிய கேள்வியா அது? கால் பிசகினால் சின்சே என்னும் சீன வைத்தியரிடம் போகிறோம். இருமினால் சீன மருந்துக்கடையின் கசப்புத் தேநீரைக் குடிக்கிறோம். பிள்ளைப்பேறு முடிந்ததும் மலாய்க்கார அம்மாவை அழைத்து உடம்பு பிடித்துவிடச் சொல்கிறோம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருக்கிறோம். பாட்டி சொன்ன கஷாயம் தனிக்கணக்கு. ஒரே உடம்பு இத்தனை வைத்தியங்களையும் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஆராய்பவர்கள் மட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே ஆராய்கிறார்கள்.

நான் சொல்ல வந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்துக்கு இன்று உலக மருத்துவ இதழ்களில் கிடைக்கும் இடம், அதன் பழமைக்காகக் கொடுக்கப்பட்டதன்று. சோதனைக்கு உட்பட்டு, பல இடங்களில் தோற்று, சில இடங்களில் வென்றதால் கிடைத்தது. நம்முடைய சித்த மருத்துவம் அந்தப் பாதையில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட சோதனை நம் நாட்டுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று இறந்துகொண்டிருந்தார்கள். அதே காலத்தில் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. நம்மவர்கள் உண்டது புழுங்கலரிசி. சிரம்பானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று வாதிட்டார். ஆயினும் அது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். வில்லியம் ஃபிளெச்சர் என்ற மருத்துவருக்கும் அரிசிக் கொள்கையில் நம்பிக்கையில்லை. நம்பிக்கை இல்லாதவரே சோதித்துப் பார்க்க முன்வந்தார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த செய்தி.

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி. நோய் கட்டடத்தில்தான் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைப் போக்க, பாதியில் இரு பிரிவினரையும் இடம் மாற்றிக் குடியமர்த்தினார். நோய் அரிசியைத்தான் தொடர்ந்தது, கட்டடத்தைத் தொடரவில்லை. ஓராண்டு முடிவதற்குள் சயாம் அரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஆராய்ந்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு சத்துதான் காரணம் என்பதைக் காட்டினார்கள். அந்தச் சத்தைத்தான் இன்று தயாமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம்.

நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் குத்தியதற்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தது. அதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இன்று இந்த நாட்டில் மனிதரிடம் மருந்தைச் சோதிக்கும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி, நோயாளியின் கையொப்பமின்றி நடக்க முடியாது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் உலகெங்கும் இருக்கின்றன.

சீன மருத்துவத்துக்கு வருகிறேன். மலேரியா நம் தோட்டப்புற முன்னோரைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன நோய். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் வரிசையில் நிறுத்தி வாயில் ஊற்றிய கொயினா மருந்தின் கசப்பைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நோய்க்கு மருந்து தேட 1967 மே 23 அன்று சீனாவில் ஓர் இரகசியத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்த நாளைக் குறித்தே அதற்கு 523 என்று பெயர். தூ யூயூ அம்மையார் தலைமையிலான குழு 2,000க்கும் மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டி, ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380க்கும் மேற்பட்ட சாறுகளை எடுத்து எலிகளில் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடி முதலில் நம்பிக்கை தந்து, பிறகு கைவிட்டது. அப்போதுதான் நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்ற சீன மருத்துவர் எழுதிய மருத்துவக் கையேட்டில் ஒரு வரி அவர் கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்க வேண்டும். கொதிக்க வைக்கும்படி அதில் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் சாறு எலிகளின் மலேரியாவை முழுமையாக ஒடுக்கியது. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவரும் சகாக்களும் தாங்களே அதை உட்கொண்டார்கள். ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது.

இந்தக் கதையைப் பாரம்பரியத்தின் வெற்றி என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பழைய ஏடு ஒரு குறிப்பைத் தந்தது. சாட்சியத்தைத் தந்தது ஆய்வுக்கூடம். கைவிடப்பட்ட அத்தனை மூலிகைகளும் ஏடுகளில் இருந்தவைதாமே!

ஊசிக்குத்து (அக்குபங்க்சர்) மருத்துவத்தில் சோதனை இன்னும் சிக்கலானது. மாத்திரைக்குப் போலி மாத்திரை செய்துவிடலாம்; ஊசிக்குப் போலி எது? 1998இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஸ்டிரைட்பெர்கர் ஓர் ஊசியை அறிமுகப்படுத்தினார். அதன் நுனி மழுங்கல். தோலைத் தொட்டதும், நாடகக் கத்தி பிடிக்குள் போவதுபோல, தண்டு கைப்பிடிக்குள் போய்விடும். குத்தியது மெய்யா பொய்யா என்பது படுத்திருப்பவருக்குத் தெரியாது. ஜெர்மனியில் நாட்பட்ட முதுகுவலி உடைய 1,162 பேரிடம் வேறு வகையான போலிக் குத்தைக் கொண்டு, அதாவது உரிய புள்ளிகளை விட்டு வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தி நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் கண்டவர்கள் மெய்க்குத்தில் 47.6 விழுக்காடு, போலிக்குத்தில் 44.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சையில் 27.4 விழுக்காடு. சின்சே இதைப் பார்த்து, ஆங்கில மருத்துவத்தை வென்றுவிட்டோம் என்பார். டாக்டர் பார்த்து, புள்ளி எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்பார். இருவர் சொல்வதும் எண்களில் இருக்கிறது. ஆகவே இருவரும் சற்று அடக்கமாகப் பேச வேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017இல் சீன ஆய்வுகள் இரண்டு வெளிவந்தன. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் பெண்கள் 504 பேரிடம் ஊசி வழியே மின்சாரம் செலுத்தும் மின்னூசிச் சிகிச்சை கசிவைக் குறைத்தது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாற்றால் கருத்தரிக்காத 1,000 பெண்களிடம் ஊசிச் சிகிச்சை குழந்தைப்பேற்றைக் கூட்டவில்லை. கருமுட்டை வெளிவரத் தூண்டும் பழைய குளோமிஃபீன் மாத்திரைதான் கூட்டியது. அதே இதழில் 2023இல், அட்டையும் தேளும் பூரானும் சேர்ந்த தோங்சின்லுவோ என்ற மருந்து, மாரடைப்புக்கு வழக்கமான சிகிச்சை பெறும் 3,777 பேரிடம் சோதிக்கப்பட்டது. முப்பது நாளில் பெரிய இதய, மூளைப் பாதிப்புகள் போலி மருந்து பெற்றவர்களில் 5.2 விழுக்காடு, மெய்மருந்து பெற்றவர்களில் 3.4 விழுக்காடு. பூரான் என்றதும் முகம் சுளிப்பவர்கள்கூட இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பல நூறாண்டு வழக்கத்தில் இருப்பது தீங்கு செய்யாது என்ற வாதத்துக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்குச் சீன மூலிகை உட்கொண்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஸ்டெஃபானியா என்ற வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா இனத்து வேர் கலந்துவிட்டது. அதிலுள்ள அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பல ஆண்டுகள் கழித்து வரும் நோயை, கைத்தராசில் வேரை நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தவரோடு யார் தொடர்புபடுத்தப் போகிறார்கள்? மெதுவான தீங்கை அனுபவம் கண்டுபிடிக்காது, பதிவேடுதான் கண்டுபிடிக்கும்.

நம் நாட்டில் சீன மருத்துவமும் ஆங்கில மருத்துவமும் அண்டை வீட்டாராக வாழ்ந்த வரலாறு நீண்டது. கோலாலம்பூரின் துங் ஷின் மருத்துவமனை 1881இலும் இங்குள்ள லாம் வா ஈ 1883இலும் ஏழைகளுக்குச் சீன மருந்து வழங்கும் அறநிலையங்களாகத் தொடங்கியவை. அரசாங்க மருத்துவமனைகளில் முதன்முதலாகப் பாரம்பரிய மருத்துவப் பிரிவு 2007இல் திறக்கப்பட்டதும் நம் மாநிலத்தில், கெப்பாளா பத்தாஸில்தான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் சீன, மலாய், இந்திய மருத்துவங்கள் உட்பட ஏழு துறைகளை அங்கீகரித்திருக்கிறது. ஆக, கதவு நமக்கும் திறந்தே இருக்கிறது.

கிளினிக் வாசலில் நடப்பதுதான் கவலைக்குரியது. 2023ஆம் ஆண்டுத் தேசிய நலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூட்டுவலிக்கு எங்கோ வாங்கிய பொடியில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருந்தால் வலி மாயமாய் மறையும், சர்க்கரை ஏறும். காரணம் அறியாத டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். இதயத்துக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் டான்ஷென் என்ற சீன மூலிகை வேரையோ டாங்குய் என்ற மூலிகை சேர்த்த சூப்பையோ சேர்த்துக்கொண்டால் இரத்தம் உறையாமல் கசியலாம். சாப்பிட்டதைச் சொன்னால் டாக்டர் ஏசுவார் என்று நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. அந்த அச்சம் முற்றிலும் தவறென்றும் சொல்ல முடியவில்லை. பொட்டலத்தில் 'மால்' (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கங்களுக்குப் பின் 'டி' (T) என்ற எழுத்து வருகிறதா என்று பாருங்கள். அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானதற்கான அடையாளம். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். நோய் தீரும் என்பதற்கு அது உத்தரவாதமன்று.

சித்த மருத்துவர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் சொல்வதே முறை. பதிவு பெறும் பாரம்பரிய மருந்தில் பாதரசம் பத்து இலட்சத்தில் 0.5 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. முறைப்படி சுத்தி செய்த பாதரசம் நஞ்சாகாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. உட்கொண்டவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த கணக்கைக் கொண்டுவாருங்கள் என்கிறேன். அதைவிட எளிய இடத்திலிருந்தும் தொடங்கலாம். பக்கவாதத்துக்குப் பின் தோள் இறுகிப் போனவர்களுக்கு, வழக்கமான உடற்பயிற்சிச் சிகிச்சையோடு, உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தும் வர்மத்தையும் சேர்த்தால் கை எவ்வளவு உயர்கிறது? ஒருவர் விட்டு ஒருவராகப் பிரிக்காமல், சீட்டுக் குலுக்கிப் பிரித்து, எந்தப் பிரிவு என்றறியாத ஒருவரைக் கொண்டு அளந்தால் விடை கிடைத்துவிடும். விடை நமக்குப் பாதகமாகவும் வரலாம்; வந்தால் அதையும் அச்சிட வேண்டும்.

அப்படி ஓர் ஆய்வு நடக்குமானால், தொண்டர்களாகிய உங்களுக்கு அதில் வேலை இருக்கிறது. ஆய்வில் சேரும் நோயாளிக்குக் கொடுக்கும் விளக்கத் தாளில் என்ன செய்யப் போகிறார்கள், என்ன தீங்கு நேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதெல்லாம் இருக்கும். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் அந்தத் தாளை, தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய ஓர் அம்மா வாசித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதித் தரவும், கையொப்பமிடும் முன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டவும், வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாமல் எழுந்து வரவும் ஆள் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் பெயரைக் கொடுங்கள்.