எல்லை காந்தியின் ஊரில் இரண்டு பாடங்கள்

அனைவருக்கும் வணக்கம். போர், அமைதி, மதம், பயங்கரவாதம் என்று நான்கு பெரிய விஷயங்களைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நான்கும் ஒன்றாக வந்து மோதிய ஓர் ஊரைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன். பாகிஸ்தானில், பெஷாவருக்குப் பக்கத்தில் உள்ள சார்சத்தா.

2016 ஜனவரி 20. காலையில் நல்ல பனிமூட்டம். சார்சத்தாவில் உள்ள பாச்சா கான் பல்கலைக்கழகத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் படிக்க வந்த பிள்ளைகள். அன்றைக்கு பாச்சா கானின் நினைவு நாள். அவர் பெயரில் அங்கே ஒரு கவியரங்கம் நடக்க இருந்தது. பாச்சா கான் யார் என்று இளைஞர்கள் கேட்கலாம். உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். எல்லை காந்தி என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த கான் அப்துல் கபார் கான்தான். அதே வட்டாரத்தில் உத்மான்சாய் என்ற கிராமத்தில் 1890இல் பிறந்தவர்.

அகிம்சைக்காக வாழ்ந்த மனிதரின் நினைவு நாளில், அவர் பெயர் தாங்கிய கல்லூரியில், அவருடைய மண்ணின் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படிச் செய்ய அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் என்னை விடாமல் உறுத்துகிற கேள்வி.

அந்த வட்டாரத்தில் வாழும் பதான் இன மக்களிடம் பழிக்குப் பழி என்பது குடும்ப கௌரவம். அப்பனைக் கொன்றவனின் மகனைத் தேடிப் பிடித்துத் தீர்ப்பார்கள், தலைமுறை தாண்டினாலும் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஜனங்களிடம் போய் இந்த மனிதர் 1921இல் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1929இல் குதாய் கித்மத்கார் என்ற தொண்டர் படையை அமைத்தார். சேருகிறவர் ஆண்டவன் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும்: வன்முறையில் இறங்க மாட்டேன், பழி வாங்க மாட்டேன், எனக்குக் கொடுமை செய்தவனை மன்னிப்பேன். அதோடு ஒரு நிபந்தனை, தினமும் குறைந்தது இரண்டு மணி நேரம் ஊர் வேலை.

அந்த இரண்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் அதுதான். நல்ல மனசு இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. முரசு, அணிவகுப்பு, படைத்தளபதி பதவிகள், முகாம் எல்லாம் வைத்தார். வெள்ளைச் சட்டை சீக்கிரம் அழுக்காகிறது என்று செங்கல் நிறத்தில் சாயம் தோய்த்தார்கள். செஞ்சட்டைப் படை என்ற பெயர் அப்படி வந்ததுதான். ராணுவத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கிற மாதிரி, இங்கே அடி வாங்கினாலும் கை ஓங்காமல் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். தெரு கூட்டினார்கள், நூல் நூற்றார்கள். இந்துக்களும் சீக்கியர்களும்கூட அந்தப் படையில் சேரலாம்.

கற்றது எந்த அளவுக்கு நின்றது என்று 1930 ஏப்ரல் 23 அன்று தெரிந்தது. பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதி. தலைவர்களைக் கைது செய்ததால் கூட்டம் கூடியது, பிரிட்டிஷ் படை சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கு வேறு, ஊர் சொன்ன கணக்கு வேறு. பழிக்குப் பழி என்று வளர்ந்த அந்த மனிதர்கள் ஆயுதம் எடுக்கவில்லை. அதே நாளில், பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்களான கட்வால் ரைபிள்ஸ் படைவீரர்கள், சந்திர சிங் கட்வாலியின் தலைமையில், கூட்டத்தின் மீது சுட மாட்டோம் என்று மறுத்து சிறைக்குப் போனார்கள். எதிரே நின்றவர்கள் கல்லும் கத்தியுமாகப் பாய்ந்து வந்திருந்தால் அந்தச் சிப்பாய்களுக்கு இந்தத் துணிவு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இதெல்லாம் காந்தியிடம் கடன் வாங்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். பாச்சா கான் அப்படிச் சொல்லவில்லை. பொறுமைதான் நபிகளின் ஆயுதம், மக்காவில் அத்தனை துன்பத்திலும் அவர் காட்டியது அதைத்தான், நாம் மறந்துவிட்டோம் என்றுதான் தன் ஜனங்களிடம் சொன்னார். ஐந்து வேளை தொழுகிற முஸ்லிமாகவே அதைச் சொன்னார்.

தீவிரவாதத்துக்கு மதம் கிடையாது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொல்ல வருகிறவன் ஆண்டவன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறான். அவன் எங்கள் ஆளே இல்லை என்று கைகழுவிவிட்டால் பக்தர்களாகிய நமக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். நான் கோயிலுக்குப் போகிறவன், என் மதத்தின் பெயரைச் சொல்லிக் கத்தி எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்குத்தான் முதலில். பாச்சா கான் தன் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை.

சரி, அப்புறம் அந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று? நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவன், அதனால் ஒரு கணக்குப் புத்தகத்தைச் சொல்கிறேன். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்த 1980களில், அமெரிக்க அரசின் பணத்தில், நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் உதவியோடு ஆப்கன் பிள்ளைகளுக்குப் பாடநூல்கள் தயாரித்தார்கள். பாகிஸ்தானில் இருந்த அகதி முகாம் பள்ளிகளுக்கும் அவை போயின. எண்ணிக்கை கற்றுக்கொடுக்கத் துப்பாக்கி, தோட்டா படங்கள். கொஞ்சம் பெரிய வகுப்பில் ஒரு கணக்கு: கலாஷ்னிகோவ் தோட்டா நொடிக்கு 800 மீட்டர் போகும், 3,200 மீட்டர் தூரத்தில் ஒரு ரஷ்யன் நிற்கிறான், அவன் நெற்றியில் பட எத்தனை நொடி ஆகும்?

விடை நான்கு. வகுப்பில் ரயிலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து நான் சொல்லிக்கொடுத்த அதே வகுத்தல்தான். சரியான விடை எழுதிய பிள்ளையை அந்த ஆசிரியர் தட்டிக்கொடுத்திருப்பார் இல்லையா? அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எதிரி வெளியேறிய பிறகும் பாடம் மனதைவிட்டுப் போகாது. யாரோ வருஷக்கணக்கில் உட்கார்ந்து, காசு செலவழித்து, படம் வரைந்து இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தப் பல்கலைக்கழகத் தாக்குதலில் ஒரு வேதியியல் ஆசிரியர், மாணவர்களை ஓடச் சொல்லிவிட்டுத் தன் கைத்துப்பாக்கியால் திருப்பிச் சுட்டு உயிர்விட்டார் என்று பிழைத்த மாணவர்கள் சொன்னார்கள். எல்லை காந்தியின் பெயர் கொண்ட கல்லூரியில் ஆசிரியர் கையில் துப்பாக்கியா என்று நான் அவரைக் கேட்க மாட்டேன். சுவர் ஏறிக் குதித்தவனிடம் அகிம்சை பேச நேரம் ஏது? அதைப் பேச வேண்டியது இருபது வருஷத்துக்கு முன்னால், அவன் ஆறு வயதுப் பையனாக இருந்தபோது. அப்போது அவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி.

பாச்சா கானை பிரிட்டிஷ்காரனும் சிறையில் வைத்தான், பிறகு பாகிஸ்தானும் வைத்தது. வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறை. 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக இந்தியா வந்தார். அந்த நேரத்தில் அகமதாபாத்தில் மதக் கலவரம் நடந்திருந்தது. எண்பதை நெருங்கிய மனிதர், விருந்தாளியாக வந்த இடத்தில் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

நம் ஊரிலும் ஏதாவது ஒன்று நடந்தால் மறுநாள் அமைதிக் குழு போடுகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம். நடப்பதற்கு முன்னால் எதுவும் செய்வதில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். தினமும் இரண்டு மணி நேரம் உங்களிடம் கேட்கப் போவதில்லை, வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பெருமாள் கோயில் தெருவில் ஆரம்பித்துப் பள்ளிவாசல் தெரு வரைக்கும் சாக்கடை அடைப்பு எடுக்கிறோம். இரண்டு தெருப் பிள்ளைகளையும் கலந்து குழு பிரிப்போம். வர முடிகிறவர்கள் வாசலில் இருக்கிற நோட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். மண்வெட்டி நாங்கள் வைத்திருக்கிறோம்.