கண்ணால் பார்த்த பாலாறு

நடுவர் அவர்களுக்கும் வேலூர் மக்களுக்கும் வணக்கம். போட்டோகிராஃபரின் கலைக்குக் கைகொடுப்பது சொந்த ஊரா, வெளியூரா? இதுதான் தலைப்பு. நான் சொந்த ஊர் கட்சி. கேமரா வாங்கிய நாளிலிருந்து நான் சுற்றிச் சுற்றி எடுப்பது இந்த ஊரைத்தான்.

எதிரணி அண்ணன் பலத்த கைதட்டல் வாங்கினார். எதற்கு? "சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. இங்கே இந்தத் தங்கச்சி எதைப் படம் எடுக்கும்?" என்று கேட்டாரே, அதற்கு. நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாமே தட்டினோம்! அண்ணே, எழுதி வந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

சாமி இல்லையா? கோட்டைக் கோயிலை விட்டுச் சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பிவிட்டார். இன்று காலை வந்திருந்தால் அர்ச்சனையே செய்திருக்கலாம். அப்படியே கல்யாண மண்டபத்து யாளிகளையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். ராஜா இல்லையா? இலங்கையில் கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரன் சிறை வைத்தது இந்தக் கோட்டையில். 1832-ல் அவர் கண் மூடியதும் வேலூரில். பாலாற்றங்கரையில் அவர் நினைவாக முத்து மண்டபம் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

சரி, ஆறு. இதற்குத்தான் காத்திருந்தேன்.

2021 நவம்பர். பாலாற்றில் வெள்ளம். காட்பாடி போகும் பாலத்தில் ஊரே நிற்கிறது. வேலைக்குப் போகிறவர்கள்கூட வண்டியை ஓரம்கட்டிவிட்டார்கள். நான் கூட்டத்தில் புகுந்து ஓரத்தில் இடம்பிடித்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி. எவர்சில்வர் தட்டில் மஞ்சள், குங்குமம், கற்பூரம். காற்றில் பற்றவே இல்லை. குச்சி மேல் குச்சியாகக் கிழிக்கிறார். அந்தக் கையை நான் எடுக்கிறேன், எடுக்கிறேன், எடுத்துக்கொண்டே இருக்கிறேன். பாட்டி திரும்பினார். "இன்னாம்மா, அந்தப் பொட்டிய எறக்கு. மொதல்ல கண்ணால பாரு. மறுபடி எப்ப வருமோ!"

நடுவர் அவர்களே, இதை இன்னொரு முறை சொல்ல வேண்டும். அண்ணன் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லாத ஊரில்! "பொட்டிய எறக்கு, மொதல்ல கண்ணால பாரு." இறக்கினேன். செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகிறது பாலாறு. தட்டை என் கையில் கொடுத்தார். முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு கிழித்தார். பற்றிக்கொண்டது. பாலத்தில் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டார்கள்.

வெளியூர்க்காரர் வந்திருந்தால் வெள்ளத்தை எடுத்திருப்பார். நல்ல படமாகவே இருந்திருக்கும். ஆனால் அதே பாலத்தில் நின்று வெறும் மணலையும் முள்செடியையும் வருஷக்கணக்கில் பார்த்தவளுக்குத்தான் அந்தக் கை ஏன் நடுங்கியது என்று தெரியும்.

கிளம்பும்போது பாட்டி கேட்டார்: "ஆறும் நானும் இருக்கற மாதிரி ஒண்ணு குடும்மா. பேத்தி முழுகாம இருக்கா. பொறக்கப் போறது நாளைக்குக் கேட்டா காட்டணும். வாயால சொன்னா நம்பாது."

கண்ணாடிச் சட்டம் போட்டு, விருதம்பட்டில் அவர் வீட்டுச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். என் படத்துக்கு அதைவிடப் பெரிய கண்காட்சி எனக்கு வேண்டாம்.

தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் போகட்டும், நடுவர் அவர்களே. அண்ணன் ரயிலேறுவதற்கு முன்னால் அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். காட்பாடி ஸ்டேஷனுக்குப் போகிற வழிதான். நன்றி, வணக்கம்.