16-ஆம் சேனலில் வஞ்சிரம் விலை பேசாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வயர்லெஸ் பெட்டியைப் போட்டதும் நிறுத்திவைக்க வேண்டிய எண் 16. அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக்கும் அழைப்புக்கும் உலகம் முழுக்க ஒதுக்கப்பட்ட சேனல் இது. இரு பக்கத்துச் சேனல்களான 75, 76-இலும்கூட 1 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வேலி கட்டியிருக்கிறார்கள்.

ரெண்டு நிமிஷம் பேசினால் என்ன குறைந்துவிடும்? கடல் வி.எச்.எஃப்., அதாவது இந்த வயர்லெஸ் பெட்டி, வேலை செய்வது எஃப்.எம். முறையில். ஒரே சேனலில் இரண்டு குரல் வந்தால் எஃப்.எம். பெட்டி பலத்ததை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விழுங்கிவிடும். பக்கத்துப் படகின் 25 வாட் அரட்டைக்கு அடியில் தொலைவில் மூழ்கும் படகின் கூப்பாடு புதைந்துபோகும். உங்கள் காதுக்கு ஓர் இரைச்சல்கூட எட்டாது. விமானங்கள் பேசும் ஏ.எம். முறையில் இருவர் மோதினால் ‘கீய்’ என்று விசில் அடிக்கும், விஷயம் தெரிந்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே 16-இல் கூப்பிட்டு, பதில் வந்ததும் 72 அல்லது 77-க்கு மாறிவிடுங்கள். ஆள் பக்கத்தில்தான் என்றால் 1 வாட் போதும். தூரத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஏரியலின் உயரம். 4 மீட்டர் ஏரியல் உள்ள இரு படகுகளுக்கு இடையே சுமார் 16 கிலோமீட்டர். கரையில் 36 மீட்டர் கம்பம் நின்றால் 33. சேனல் 70-ஐத் தொடவே வேண்டாம்; அது டிஜிட்டல் ஆபத்து அழைப்புக்கு, குரலுக்கு அல்ல.

கப்பல் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவிகள் இதைவிட ஒழுங்கு. ஒவ்வொரு நிமிடமும் ஒரு சேனலுக்கு 2250 நேரத் துண்டுகள். அடுத்து எந்தத் துண்டில் பேசப்போகிறோம் என்பதை ஒவ்வொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடும். நாட்டாமை யாருமில்லை.

மனுஷன் செய்யும் பெரிய கெடுதல், மைக்கை மெத்தைமேல் வீசுவது. பொத்தான் அமுங்கிக்கொள்ளும், அல்லது உப்பு ஏறி ஒட்டிக்கொள்ளும். சுற்று வட்டாரத்துக்கே 16 அடைபட்டுவிடும். படகை ஓட்டும் அந்த ஸ்ராங்குக்கு மட்டும் தெரியாது. பொத்தான் அமுங்கியிருக்கும்வரை அவர் பெட்டி யார் பேச்சையும் கேட்காது. பெட்டி திடீரென அமைதியானால் ஒலிபரப்பு விளக்கைப் பாருங்கள். எரிந்தால் மைக்கைக் கழற்றுங்கள்.

நிஜமாகவே ஆபத்தா? 25 வாட் வையுங்கள். ஆபத்து அழைப்புச் சொல்லான ‘மேடே’ மூன்று முறை, படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், என்ன நடந்தது, எத்தனை பேர். செல்போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிடுங்கள், பதில் கேட்க வேண்டுமே.