பட்டிமன்றம்: இன்று அதிகம் சம்பாதிப்பது உழைப்பா, முதலா? (முதல், அதாவது போட்டுவைத்த பணம்தான் என்று வாதிடும் அணியின் பேச்சு)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் செல்போனைத் தூக்கிக் காட்டி, "இதைச் செய்தது தொழிலாளியின் கைதானே, அப்புறம் முதல் எங்கே வந்தது?" என்று கேட்டு, பலத்த கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். சரி, அதே போனிலிருந்தே நானும் ஆரம்பிக்கிறேன்.

2010-இல் வந்த ஐபோன் 4-ஐ அமெரிக்க ஆய்வாளர்கள் அக்குவேறு ஆணிவேறாகக் கணக்குப் போட்டார்கள். விற்ற விலையில் ஆப்பிளின் லாபம் 58.5 சதவீதம், சீனத் தொழிலாளர்களின் கூலி 1.8 சதவீதம். நூறு ரூபாய்க்கு முழுசாக இரண்டு ரூபாய்கூட இல்லை! செய்தது கைதான், யார் இல்லை என்றார்கள்? பணம் எங்கே போனது என்பதுதானே தலைப்பு.

2024-இல் உலக வருமானத்தில் உழைப்பின் பங்கு சுமார் 52 சதவீதம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே சொல்கிறது, பாதிக்கு மேல் எங்களுக்குத்தான் என்றும் அந்த எதிரணி நண்பர் மார்தட்டினார். அந்த அறிக்கையை இன்னும் நாலு வரி படித்திருக்கலாம். 2004-ஐவிட அந்தப் பங்கு 1.6 புள்ளி இறங்கியிருக்கிறது, அந்த இறக்கத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் 2020 முதல் 2022 வரையிலான கொரோனா காலத்தில் நடந்தது. வெறும் 1.6-தானே என்று சிரிக்காதீர்கள், 2024-இல் மட்டும் உழைப்பவர் கைக்கு வராமல் போன தொகை 2.4 லட்சம் கோடி டாலர்.

சரி, மிச்சமிருக்கும் 52 யாருக்குப் போகிறது? கம்பெனி சிஇஓ வாங்கும் சம்பளமும் உழைப்புக் கணக்கில்தான், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் கூலியும் உழைப்புக் கணக்கில்தான். அதே அமைப்பின் 2017 கணக்கில், உலகச் சம்பளத்தில் 48.9 சதவீதம் மேல்தட்டுப் பத்து சதவீதத் தொழிலாளர்களுக்கு, கீழ்ப்பாதி முழுவதற்கும் 6.4 சதவீதம். மேலே இருப்பவர் அந்தச் சம்பளத்தில் ஷேர் வாங்கிப் போடுகிறார், அதுவும் முதலாகிவிடுகிறது. எதிரணியின் ஆளே எங்கள் பக்கம் வந்துவிட்டார், நடுவர் அவர்களே!

"500 ரூபாய் எஸ்ஐபி போட்டால் நாமும் முதலாளிதான்" என்றார் எதிரணிச் சகோதரி. போடுவோம். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற அந்த எஸ்ஐபியில் மாதம் 500, வருஷம் 12 சதவீத வளர்ச்சி என்றே வைத்தாலும், 20 வருஷம் கழித்துச் சுமார் 5 லட்சம் வரும். அன்றைய விலைவாசியில் அதற்குக் கால் கிரவுண்ட் கிடைக்குமா? ஏற்கெனவே 10 கோடி வைத்திருப்பவருக்கு அதே 12 சதவீதம் வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சம், அவர் சோபாவை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு விஷயம். நம் நாட்டில் புதிய வரி முறையில் வரிக்குரிய வருஷச் சம்பளம் 24 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. பங்குச் சந்தை ஷேரை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபம் எத்தனை கோடியானாலும் 12.5 சதவீதம், அதிலும் முதல் ஒண்ணேகால் லட்சத்துக்கு வரியே கிடையாது. செஸ், சர்சார்ஜ் எல்லாம் தனி. உழைப்புதான் ஜெயிக்கிறது என்றால் ஓடி ஓடிச் சம்பாதித்த காசுக்கு ஏன் கூடுதல் வீதம் என்று அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.